வழுக்காத இருக்கை

கடன் பெற்று இருசக்கர வாகனம் வாங்கும் நம் வாடிக்கையாளர்கள் பலர், புதுமை குலையாதிருக்க இருக்கையின்மேல் வழவழப்பான பிளாஸ்டிக் உறையைப் போட்டுவிடுகின்றனர். மழையில் பிரேக் பிடித்தால் பின்னால் அமர்ந்தவர் முன்னோக்கிச் சறுக்குவார். சென்ற ஆடியில் உல்லாஸ்நகர் ரயில் நிலையத்தருகே என் மனைவிக்கு நேர்ந்ததும் அதுவே. நல்லவேளையாகக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். பின்னிருப்பவருக்கு நிலையான கைப்பிடி வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி கூறுவதன் அருமை அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

முதலில் அவ்வுறையை அகற்றிவிடுதல் நலம். அடியிலுள்ள ரெக்சினும் வழுக்கினால், சீட் கவர் தைப்பவரை நாடலாம். அவர் இருக்கையின் அடிப்புறத்துப் பின்களைக் கழற்றி, முன்புறமாகச் சரிந்துள்ள ஸ்பாஞ்சைச் சமன்செய்து, சொரசொரப்பான ரெக்சினை இழுத்துப் பொருத்துவார். தையல் மேற்பரப்பில் வராமல் பக்கவாட்டில் அமையட்டும். ஊசித்துளை வழியே நீர் இறங்கினால் ஸ்பாஞ்சு எளிதில் உலராது.

ஜீன்ஸ் தையலுக்குப் பெயர்பெற்ற எங்கள் ஊரில் வெட்டுத்துணிக்குப் பஞ்சமில்லை. அதில் உறை தைத்தால் பிடிப்பு நன்றாகவே இருக்கும். ஆனால் கோடைக்கு மட்டுமே. மழையில் அது நீரைக் குடித்துவிட்டு, அலுவலகம் செல்பவரின் காற்சட்டையில் திருப்பித் தரும்.

ஓட்டுபவர் உயரம் குறைந்தவராயின் ஸ்பாஞ்சைக் கூட்ட வேண்டாம். வண்டி நிற்கையில் கால் தரையில் நன்கு ஊன்ற வேண்டும்.