துகள் போகும் தூரம்

ஒரு மணல் துணுக்கை ஆறு மாடிக் கட்டடமாக ஊதிப் பெருக்கினால், 50 நானோமீட்டர் துகள் அதன் பக்கத்தில் கடுகளவுதான் இருக்கும். கட்டடங்களுக்கு நடுவே மாட்டுவண்டி தாராளமாகப் போகிற சந்து. சந்து நிறையத் தண்ணீர். அதில் மிதந்து வரும் கடுகு எங்கே சிக்கப்போகிறது, நிலத்தடி நீரோடு கிலோமீட்டர் கணக்கில் போய்விடாதா என்றுதான் நமக்குத் தோன்றும்.

அமெரிக்காவின் டிரென்டன் நகரில் ஒரு தொழிற்சாலை வளாகம். உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கப் பயன்பட்ட டிரைகுளோரோஎத்திலீன் என்ற நஞ்சு, அங்கே நிலத்தடி நீரில் கலந்திருந்தது. லீஹை பல்கலைக்கழகத்தின் டேனியல் எலியட்டும் வெய்-சியான் ஜாங்கும், துளி பல்லேடியம் சேர்த்த இரும்பு நானோ துகள்களைக் கிணறு வழியாக மண்ணுக்குள் இறக்கினார்கள். 2 நாளில் இறக்கியது 1.7 கிலோ. இரும்பு தன் எலக்ட்ரான்களைக் கொடுத்து, நஞ்சிலிருந்து குளோரினைக் கழற்றிவிட்டுத் தான் துருவாகிறது. 4 வாரக் கண்காணிப்பில் நஞ்சு 96 சதவீதம் வரை குறைந்தது என்று 2001-ல் எழுதினார்கள்.

நஞ்சு முறிகிறது, சரி. ஆனால் வெறும் இரும்புத் துகள் கிணற்றைவிட்டு அதிக தூரம் போவதில்லை. ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கண்ணாடிக் குழாயில் மணலை அடைத்து, மை போன்ற கறுப்பு இரும்புநீரை மேலே ஊற்றுகிறார்கள். கறுப்பெல்லாம் மேல்மணலிலேயே தங்கிவிட, கீழே தெளிந்த நீர் சொட்டுகிறது.

அவ்வளவு அகலமான சந்தில் அது எப்படிச் சிக்கியது? முதல் காரணம் காந்தம்: இரும்புத் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துக் கட்டியாகிவிடுகின்றன. இன்னொரு காரணம் எந்த நானோ துகளுக்கும் பொதுவானது. நீர் மூலக்கூறுகள் நாலா பக்கமும் முட்டித் தள்ள, தேர்த்திருவிழாக் கூட்டத்தில் அகப்பட்ட குழந்தைபோல அது அலைக்கழிந்து சுவரில் மோதுகிறது. சிறுக்கச் சிறுக்க மோதலும் அதிகம். பெரிய துகளோ கனத்தால் வண்டலாகப் படிந்துவிடும். இரண்டுக்கும் தப்பி அதிக தூரம் போகக்கூடியது ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர் துகள், அதாவது ஒரு பாக்டீரியா அளவுள்ளது. யாவ், ஹபிபியன், ஒமீலியா மூவரும் இந்தக் கணக்கை 1971-லேயே போட்டுக் காட்டினார்கள்.

மோதினால் ஒட்ட வேண்டும் என்பதில்லை. மணலின் மேற்பரப்பில் பெரும்பாலும் எதிர் மின்னூட்டம். துகளிலும் அதே மின்னூட்டம் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். நீரில் உப்பு ஏறினால் விலக்கும் விசையின் எட்டும் தூரம் சுருங்கிவிடும். கால்சியம் மிகுந்த கடின நீரில் துகள் இன்னும் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். பிறகு உப்பு குறைந்த மழைநீர் இறங்கினால், ஒட்டியவற்றில் சில பிடிவிட்டுக் கிளம்பவும் செய்யும்.

இந்த அறிவைக் கொண்டு இரும்புக்குச் சட்டை மாட்டினார்கள். செல்லுலோஸிலிருந்து செய்த பாலிமரைப் பூசியதும் துகள்கள் கட்டியாகவில்லை, மணலிலும் ஒட்டவில்லை. அதே கண்ணாடிக் குழாயில் இப்போது கீழேயும் கறுத்த நீர் சொட்டுகிறது!

நாம் மாட்டாத சட்டையை மண்ணே மாட்டிவிடுவதும் உண்டு. மட்கிய இலைதழையின் அமிலங்கள் துகளைப் போர்த்தி அதன் பயணத்தை நீட்டிவிடும். சட்டை மட்டுமல்ல, ஏறிப்போக வாகனமும் மண்ணிலேயே கிடைக்கும். புளூட்டோனியம் பாறையில் ஒட்டிக்கொள்ளும், நகராது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். நெவாடாவில் 1968-ல் நடந்த அணுகுண்டுச் சோதனையின் புளூட்டோனியம் 1.3 கிலோமீட்டர் தள்ளி நிலத்தடி நீரில் கிடைத்ததாக 1999-ல் ஆனி கெர்ஸ்டிங் குழு அறிவித்தது. ஒட்டிக்கொள்ளும் என்பது பொய்யில்லை. ஆனால் அது ஒட்டியது, நீரோடு நகர்ந்துகொண்டிருந்த களிமண் போன்ற நுண்துகள்களில்.

வண்ணப்பூச்சிலும் துணியிலும் வயலிலும் புதுப்புது நானோ துகள்களைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறோம். மண்ணில் விடுமுன் ஒவ்வொன்றையும் கேட்க வேண்டிய கேள்வி, நீ எவ்வளவு சிறியவன் என்பதல்ல. என்ன உடுத்தியிருக்கிறாய், எந்தத் தண்ணீரில் இறங்கப்போகிறாய் என்பதுதான்.