பழைய கார் வாங்குவோர் கவனத்திற்கு: பளபளப்பைப் பார்த்தால் போதாது, அடிப்பாகத்தையும் பாருங்கள்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை வழியாகக் களியக்காவிளைக்குச் செல்லும் சாலையில் நம்மவர்கள் போக்குவரத்து ஓய்வதே இல்லை. வாரம் முழுவதும் இப்பக்கம் வேலை. பொங்கலுக்கும், கல்யாணத்துக்கும், துக்கத்துக்கும் நாகர்கோவில், திருநெல்வேலி, தென்காசி என்று பயணம். குழந்தைகளையும் மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலும் ரயிலிலும் அல்லாடியவர்கள், "ஒரு கார் இருந்தால் நல்லது" என்று நினைப்பதில் வியப்பில்லை. புதுக்கார் வாங்க வசதி இல்லாதவர்களின் பார்வை பழைய வண்டி மீது போகிறது.

அதிலும் இன்று பலரும் கேட்பது "காம்பாக்ட் எஸ்.யு.வி." எனப்படும் உயரமான சிறிய கார்களைத்தான். மழைக்காலத்தில் குண்டும் குழியுமாகும் ஊர்ச் சாலைகளில் இவற்றின் அடிப்பாகம் எளிதில் தட்டுவதில்லை. வயதானவர்கள் குனியாமல் ஏறி இறங்கலாம்.

இந்த ரகம் பெருகியதற்கு ஒரு வரிக் கணக்கும் காரணம். நான்கு மீட்டருக்கு உட்பட்ட நீளமும், பெட்ரோலில் 1200 சி.சி., டீசலில் 1500 சி.சி.க்கு மேற்படாத எஞ்சினும் உள்ள கார்களுக்கு 2006-ம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் வரி குறைக்கப்பட்டது. பிறகு கம்பெனிகள் உயரமான வண்டிகளையும் அந்த அளவுக்குள் அடக்கின. போர்டு எக்கோஸ்போர்ட் 2013-லும், மாருதி விட்டாரா பிரெஸ்ஸா 2016-லும், டாட்டா நெக்சான் 2017-லும், ஹூண்டாய் வெனியூ 2019-லும் விற்பனைக்கு வந்தன. 2012-ல் வந்த ரெனோ டஸ்டர் நான்கு மீட்டரைத் தாண்டியது என்றாலும், பழைய வண்டிச் சந்தையில் இவற்றோடு சேர்த்தே பேசப்படுகிறது.

விற்கிறவர் வண்டியைக் கழுவி, மெருகேற்றி, சீட்டுக்குப் புது உறை போட்டு நிறுத்துவார். பல வருஷச் சேமிப்பையோ, பி.எப். கடனையோ போட்டு வாங்குகிறவர் அந்தப் பளபளப்பில் மயங்கினால், முதல் ஆறு மாதத்திலேயே பட்டறைச் செலவு கழுத்தை நெரிக்கும். ஆகவே எங்கே பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

"கடகட" சத்தம்

உயரமான வண்டி என்ற தைரியத்தில் பலர் குழியிலும் வேகத்தடையிலும் வேகத்தைக் குறைப்பதில்லை. அந்த அடி முழுவதையும் வாங்குவது முன்சக்கரங்களைத் தாங்கும் பாகங்கள். லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், ஷாக் அப்சார்பர், அதன் மேல் உள்ள மவுண்டிங் ஆகியவை தேய்ந்தால், மெதுவாகக் குழியில் இறங்கும்போதே "கடகட" என்று சத்தம் கேட்கும். லிங்க் ராடும் புஷ்ஷும் பெரிய செலவல்ல. கவனிக்காமல் ஓட்டினால் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்து செலவு பல மடங்காகும்.

வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது பாட்டை நிறுத்துங்கள், ஏ.சி.யையும் நிறுத்துங்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு, நல்ல சாலையில் ஒரு முறை, மோசமான சாலையில் ஒரு முறை ஓட்டுங்கள். நேர்ச்சாலையில் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா, பிரேக் போட்டால் அதிர்கிறதா என்பதும் அப்போது தெரியும்.

கிளட்ச்சைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஆளில்லாத சாலையில் மெதுவான வேகத்தில் நான்காவது கியருக்கு மாற்றி, ஆக்சிலேட்டரை நன்றாக மிதிக்க வேண்டும். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி, வண்டி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்று பொருள். பாலராமபுரம் சந்திப்பு போன்ற நெரிசலில் கிளட்ச்சைப் பாதி மிதித்தபடியே ஊர்ந்து பழகிய வண்டிகளுக்கு இது சீக்கிரம் வரும்.

உயிர்நாடியான பெல்ட்

எஞ்சினுக்குள் பிஸ்டனும் வால்வும் ஒன்றோடொன்று மோதாமல் முறையாக இயங்கச் செய்வது டைமிங் பெல்ட் அல்லது டைமிங் செயின். டஸ்டர் டீசலிலும் எக்கோஸ்போர்ட் டீசலிலும் இருப்பது பெல்ட். 2020 வரை விற்ற பிரெஸ்ஸா டீசலில் இருப்பது செயின்.

பெல்ட் ரப்பரால் ஆனது. அதற்கு ஆயுள் உண்டு. கைப்புத்தகத்தில் இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருஷம் என்று இரண்டும் போட்டிருக்கும். எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். "வண்டி அதிகம் ஓடவில்லையே" என்று வருஷக் கணக்கை மறப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஓடும்போது பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடிக்கும். எஞ்சினையே பிரிக்க வேண்டிவரும். மாற்றியதற்கு ரசீது இல்லாவிட்டால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

எக்கோஸ்போர்ட்டின் ஒரு லிட்டர் எக்கோபூஸ்ட் பெட்ரோல் எஞ்சினில் பெல்ட் எண்ணெய்க்குள்ளேயே ஓடுகிறது. அதற்குக் கம்பெனி சொன்ன ரக எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும். வேறு எண்ணெய் ஊற்றினாலும், காலம் தவறி மாற்றினாலும், பெல்ட் உதிர்ந்து எண்ணெய் வழியை அடைக்கும். செயின் உள்ள வண்டியிலும் எண்ணெய் மாற்றத் தவறினால் செயின் தளரும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் கரகரப்பு கேட்கும்.

எக்கோஸ்போர்ட் நம் சென்னை அருகே மறைமலைநகரில் தயாரானது. போர்டு கம்பெனி இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. பாகங்களும் சர்வீசும் தொடரும் என்றும் சொல்லியிருந்தது. ஆனாலும் வாங்குமுன் அருகில் எந்தப் பட்டறையில் பாகம் கிடைக்கும் என்று விசாரிப்பது புத்திசாலித்தனம்.

டீசலா, பெட்ரோலா?

தினமும் பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை போய்வருகிறவருக்கு டீசல் வண்டி தேவையில்லை. 2020 ஏப்ரலில் அமலுக்கு வந்த பி.எஸ். 6 விதியின்படி வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி உள்ளது. அந்தக் கரி எரிய வண்டி சூடாகி, சீரான வேகத்தில் தொடர்ந்து ஓட வேண்டும். குட்டைப் பயணமே செய்தால் வடிகட்டி அடைத்து எச்சரிக்கை விளக்கு எரியும். அப்போது புறவழிச்சாலையில் கொஞ்ச தூரம் நிற்காமல் ஓட்டுவதே முதல் வைத்தியம். டர்போ உள்ள வண்டியை நீண்ட ஓட்டத்துக்குப் பின் உடனே அணைக்காமல், அரை நிமிஷம் சும்மா ஓடவிட்டு அணைப்பது நல்லது.

பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கும் ஒரு செய்தி. இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறது. 2023-க்கு முந்திய பல வண்டிகளின் ரப்பர் பாகங்கள் குறைந்த கலப்புக்கே செய்யப்பட்டவை. பெட்ரோல் குழாய்களில் கசிவு, வெடிப்பு உண்டா என்று சர்வீசின்போது பார்க்கச் சொல்லுங்கள்.

மழை, உப்புக்காற்று, வெள்ளம்

பொழியூர், பூவார் பக்கம் நின்ற வண்டியில் உப்புக்காற்று அடித்தகட்டைத் தின்றிருக்கும். லிப்ட்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் பாருங்கள். வாங்கிய பிறகு மாதம் ஒரு முறையாவது அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவுங்கள். கதவுக்கு அடியில் உள்ள வடிகால் துளைகள் அடைபடக் கூடாது.

இதைவிடப் பெரிய ஆபத்து வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. 2015-ல் சென்னையிலும், 2018-ல் கேரளத்திலும், 2023 டிசம்பரில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலும் வந்த வெள்ளத்தில் ஏராளமான வாகனங்கள் மூழ்கின. அத்தகைய வண்டிகள் சுத்தம் செய்யப்பட்டு வேறு ஊரில் விலைபோகக் கூடும். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள்; உள்பகுதியில் சேற்றுக்கறை இருக்கும். சீட் ஓடும் தண்டவாளத்தில் துரு, விரிப்பின் அடியில் மண், உள்ளே ஈரவாடை ஆகியவையும் சாட்சிகள். இன்றைய காரில் கம்பிகளும் கம்ப்யூட்டர் பெட்டிகளும் அதிகம். ஒரு முறை மூழ்கியது, ஏதோ ஒரு நாள் நடுவழியில் நிற்கும். அந்த நடுவழி குடும்பத்தோடு போகும் ஆரல்வாய்மொழியாகவும் இருக்கலாம்.

சின்னப் பராமரிப்பு, பெரிய மிச்சம்

ரேடியேட்டரில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். உப்புப் படிந்து அடைக்கும். கம்பெனி சொன்ன கூலன்ட்டையே ஊற்ற வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

டயரின் பக்கத்தில் உள்ள நான்கு எண்களில் முதல் இரண்டு வாரத்தையும், பின் இரண்டு வருஷத்தையும் குறிக்கும். 3521 என்றால் 2021-ன் 35-வது வாரம். கோடு ஆழமாக இருந்தாலும் ஆறு வருஷம் தாண்டிய டயரை நம்பித் தொலைதூரம் போக வேண்டாம். ஓடாமல் நிற்கும் வண்டியில் எலி கம்பியைக் கடிக்கும். வாரம் ஒரு முறை பானட்டைத் திறந்து பாருங்கள்.

காகிதமும் கணக்கும்

எல்லைப்புறத்தில் கே.எல். 19, 20 எண்களும், டி.என். 74, 75 எண்களும் கலந்தே ஓடுகின்றன. விலை குறைவு என்று தமிழ்நாட்டு வண்டியை வாங்கி, கேரளத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டப்படி இங்கே புதுப்பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பழைய அலுவலகத்தின் தடையில்லாச் சான்று தேவை. கேரள வரியும் கட்ட வேண்டியிருக்கும். அதையும் சேர்த்தால்தான் உண்மை விலை தெரியும். பேங்க் கடன் நிலுவையில் உள்ளதா, அபராதம் பாக்கி உண்டா என்பதை அரசின் பரிவாகன் தளத்தில் பார்க்கலாம்.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். விபத்து நேர்ந்தால், பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே விற்கிறவருக்கும் இதில் அக்கறை வேண்டும். வாங்கிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் மாற்ற மனுச் செய்ய வேண்டும்.

பதிவு 15 வருஷத்துக்கே செல்லும் என்பதையும் மறக்க வேண்டாம். 2013 எக்கோஸ்போர்ட்டுக்கு 2028-ல் அந்தக் கெடு வரும். மேலும், 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புதுக்கார் விலை இறங்கியிருக்க, பழைய வண்டிக்குப் பழைய விலையே சொல்வாரானால் பேரம் பேச உங்களுக்கு நியாயம் உண்டு.

உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போங்கள். விற்பவர் சொல்லும் மெக்கானிக் வேண்டாம். அவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்தாலும் அது நஷ்டமல்ல. வாங்கும் விலையில் பத்தில் ஒரு பங்கைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய், பெல்ட், பேட்டரி, டயர் என்று முதல் வருஷம் வரும் செலவுகளுக்கு அது கைகொடுக்கும். அந்தப் பணம் கையில் இல்லையென்றால், இன்னும் ஆறு மாதம் பஸ்ஸில் போவதே மேல்.