கைக்கடிகாரம் காட்டும் 110

"டீச்சர், பையன் சும்மாதான் உட்கார்ந்திருக்கான், வாட்சுல 110 காட்டுது. நெஞ்சுல ஏதும் கோளாறா?" முதலாம் ஆண்டு மாணவன் ஒருவனின் அம்மா என்னிடம் இப்படிக் கேட்டார். உங்களிடமும் யாராவது கேட்டிருப்பார்கள்.

பயப்பட வேண்டியதில்லை. ஓய்வில் இருக்கும் பெரியவருக்கு நிமிடத்திற்கு 60 முதல் 100 துடிப்பு. பள்ளி வயதுப் பிள்ளைக்கோ ஏறக்குறைய 75 முதல் 118 வரை இயல்புதான். சின்ன இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தம் குறைவு. அதனால் அடிக்கடி துடிக்க வேண்டியிருக்கிறது.

சரி, கடிகாரம் எப்படி எண்ணுகிறது? அதன் அடியில் பச்சை விளக்கு மின்னும், பார்த்திருப்பீர்கள். இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டில் இரத்தம் கூடும்போது திரும்பி வரும் ஒளி குறையும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் உணரி எண்ணுகிறது. பிள்ளையின் கை மெலிசு, வார் தளர்ந்துவிடும். ஓடும்போது கடிகாரம் ஆட, காலடித் தாளத்தையே துடிப்பாக எண்ணிவிடுவதும் உண்டு. நெஞ்சில் ஒட்டும் உணரி இதயத்தின் மின்சமிக்ஞையைப் பிடிப்பதால் இதைவிட நம்பகமானது.

அசைவை அளப்பது முடுக்கமானி. வேகம் மாறுவதை மூன்று திசைகளில் பதியும். கையில் கட்டினால் வர்ணம் தீட்டுவதும் அசைவுக் கணக்கில் சேரும். இடுப்பில் கட்டினால் சைக்கிள் மிதிப்பது சரியாகப் பதியாது.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. பிள்ளைகள் பெரியவர்களைப் போல அரை மணி நேரம் ஒரே சீராக ஓடுவதில்லை. சில விநாடி பாய்ச்சல், உடனே நின்று சிரிப்பு, மறுபடி பாய்ச்சல். திடலில் 10 விநாடி துரத்தி ஓடிவிட்டு 50 விநாடி நிற்பவனை நிமிடச் சராசரியில் பார்த்தால் ஏதோ மெதுவாக நடந்தவன் மாதிரி தெரியும். ஆராய்ச்சியாளர்கள் பிள்ளைகளுக்கு 15 விநாடியோ அதற்கும் குறைவாகவோ துண்டு போட்டுக் கணக்கிடுவது இதனால்தான். அந்தச் சராசரியைப் பார்த்து ஒரு பிள்ளையைச் சோம்பேறி என்று உடற்கல்விக் குறிப்பில் எழுதிவிடாதீர்கள், ப்ளீஸ்.

தேர்வு மாணவர்களே, நாடியை விரலால் 30 விநாடி எண்ணி 2ஆல் பெருக்குங்கள். ஓடிவந்ததும் ஒருமுறை, 3 நிமிடம் கழித்து ஒருமுறை. கடிகார எண்ணோடு ஒப்பிட்டால் பிழை எங்கே என்று நீங்களே எழுதலாம்.

ஆனால் ஓடும்போது பிள்ளை மயங்கினாலோ, நெஞ்சு வலிக்கிறது என்றாலோ, கடிகாரத்தில் என்ன எண் இருந்தாலும் சரி, உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.