வாடகை வெயில்

எல்கடுவயிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பத்தாம் ஆண்டு படிக்கும் மகன் யூட்யூப் பார்த்துப் பார்த்து, பியர்டட் டிராகன் எனப்படும் தாடி ஓணானை வளர்த்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறானாம். கண்ணாடித் தொட்டி, மணல், சூடேறும் கல், இரவுக்குச் சிவப்பு பல்ப் எல்லாம் சேர்ந்த ‘முழு செட்’ ஒன்றையும் இணையத்தில் பார்த்து வைத்திருக்கிறான். “மூன்றடித் தொட்டி காணுமா, நாலடி வேணுமா?” என்பது தாயின் கேள்வி.

நாலடி வேண்டும். அகலமும் உயரமும் இரண்டடி. வாலோடு சேர்த்து ஒன்றரை முதல் இரண்டடி வரை வளரும் பிராணிக்கு அதைவிடச் சிறிய பெட்டியில் திரும்பிப் படுக்கவே இடம் போதாது. கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் அந்த செட்டில் உள்ள நான்கு பொருள்களில் ஒன்றுகூட இந்தப் பிராணிக்கு உண்மையில் வேண்டியதைத் தருவதில்லை. அதற்கு வேண்டியது வெயில். மூடுபனி இறங்கும் தேயிலை மலையில் தாடி ஓணான் வளர்ப்பதென்றால், ஆஸ்திரேலிய உள்நாட்டு வெயிலை மாத வாடகைக்கு எடுத்து வீட்டில் குடிவைப்பது என்று பொருள்.

வரலாற்றைக் கேட்பவர்களுக்காகச் சுருக்கமாக: இதற்கு விஞ்ஞானப் பெயர் கிடைத்தது 1926இல். தன் காட்டுப் பிராணிகளை வியாபாரத்துக்காக வெளியே அனுப்புவதை ஆஸ்திரேலியா பல பத்தாண்டுகளுக்கு முன்பே நிறுத்திவிட்டது. ஆகவே இன்று உலகெங்கும் செல்லப்பிராணியாக விற்கப்படுபவை, பெரும்பாலும் எப்போதோ கள்ளமாகக் கடத்தப்பட்டவற்றின் கூண்டில் பிறந்த வாரிசுகள். இத்தனை தலைமுறை கூண்டிலேயே கழிந்தும் அவற்றின் தோலுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. அது இன்னும் பாலை வெயிலையே எதிர்பார்க்கிறது.

எதற்காக எதிர்பார்க்கிறது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. எலும்புக்குக் கல்சியம் வேண்டும், கல்சியம் உடம்பில் சேர விற்றமின் டி வேண்டும், அதற்கு வெயில் வேண்டும் என்பது பள்ளிப் பாடம். பாடப்புத்தகம் விட்டுவிடுவது என்னவென்றால், வெயில் இங்கே ஒரு வேலை செய்வதில்லை, இரண்டு வேலை செய்கிறது. தோலில் கொலஸ்திரோலின் உறவுக்காரப் பொருள் ஒன்று காத்திருக்கிறது. 290 முதல் 315 நனோமீற்றர் வரையான புறஊதா ஒளி, அதாவது யூவிபி, அதன் மேல் பட்டதும் அதிலுள்ள ஒரு வளையம் உடைந்து திறக்கிறது. கிடைப்பது விற்றமின் டி அல்ல, அதற்கு முந்திய ஒரு பொருள். அது டி3 ஆக மாறுவதற்கு ஒளி தேவையில்லை. சூடு போதும், கொஞ்சம் நேரமும் வேண்டும்.

எல்கடுவ அடுப்படியில் நிற்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. தோசைக்கு உளுந்தை அரைப்பது ஒரு வேலை, அரைத்த மா புளித்துப் பொங்குவது இன்னொரு வேலை. கிரைண்டர் எவ்வளவு நன்றாக அரைத்தாலும் மார்கழிக் குளிரில் மா பொங்காது. சட்டியை அடுப்போரம் வைக்க வேண்டும், துணியால் சுற்ற வேண்டும். ஓணானின் தோலில் யூவிபிதான் கிரைண்டர், வெப்பம்தான் அடுப்போரம். வெளிச்சம் தந்து குளிரில் விட்டால் அரைத்த மா அப்படியே கிடக்கும். சூடு மட்டும் தந்தால் அரைக்காத உளுந்தை அடுப்போரம் வைத்த கதை. இந்த மாவுக்கு ஓணான் ஒரு தனிச் சட்டியும் வைத்திருக்கிறது. 1995இல் உடும்பைப் போன்ற இகுவானாவின் தோலை ஆராய்ந்தவர்கள், 25 பாகை செல்சியஸில் அந்த இடைநிலைப் பொருளில் பாதி டி3 ஆக மாற 8 மணி நேரம் எடுப்பதைக் கண்டார்கள். அதே பொருளைச் சாதாரணக் கரைப்பானில் வைத்தால் 72 மணி நேரம். உயிரணுச் சவ்வின் கொழுப்பு அந்த மூலக்கூறை மாறுவதற்கு ஏற்ற கோணத்தில் வளைத்துப் பிடித்துக்கொள்கிறது. குளிர் இரத்தப் பிராணி தன் குளிரைச் சமாளிக்கச் செய்துகொண்ட ஏற்பாடு இது.

அரைப்பது கூடிப்போனால்? வெயில் மிஞ்சும்போது அந்த இடைநிலைப் பொருள் வேறு இரண்டு பொருள்களாக மாறி, டி3 ஆகாமல் ஒதுங்கிவிடுகிறது. அதனால்தான் எவ்வளவு நேரம் வெயில் காய்ந்தாலும் விற்றமின் டி நஞ்சாகும் அளவுக்குச் சேர்வதில்லை. அந்த இரண்டு பொருள்களும் மறுபடி ஒளி பட்டால் பழைய நிலைக்குத் திரும்பவும் கூடும். அரைத்த மாவைத் திரும்ப உளுந்தாக்கும் கிரைண்டர் எந்தக் கடையிலும் இல்லை. உவமை இந்த இடத்தில் உடைகிறது, உடையட்டும்.

வாய்வழியாகக் கொடுக்கும் டி3 தூளுக்கு இந்தத் தானியங்கித் தடை கிடையாது. குறைந்தால் பற்றாக்குறை, கூடினால் நஞ்சு. ‘தூள் இருக்கிறது, யூவிபி எதற்கு’ என்று சொல்லும் கடைக்காரரிடம் 2010இல் நெதர்லாந்தில் தாடி ஓணான் குஞ்சுகளை வைத்துச் செய்த ஆய்வைச் சொல்லலாம். நாளுக்கு இரண்டு மணி நேரம் யூவிபி பெற்ற குஞ்சுகளின் இரத்தத்தில், தூள் மட்டும் தின்றவற்றைவிடப் பல மடங்கு விற்றமின் டி இருந்தது.

விற்றமின் டி போதாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் கிட்ட இருந்து பார்த்தால்தான் புரியும். முதலில் கால்விரல்களில் ஒரு சிறு நடுக்கம். பிறகு நடக்கும்போது வயிறு தரையில் இழுபடும். கீழ்த்தாடையை விரலால் மெல்ல அழுத்தினால் ரப்பரைப் போல் வளையும். அதற்குள் உடம்பு தன் எலும்பிலிருந்தே கல்சியத்தைக் கடன் வாங்கித் தின்னத் தொடங்கியிருக்கும். வளைந்த எலும்பு பிறகு நிமிர்வதில்லை.

இனிப் பெட்டிக்கு வரலாம். ஒரு முனையில் மேலிருந்து படும் சூட்டு விளக்கு. அதன் கீழே ஒரு தட்டைக்கல் அல்லது தடித்த கிளை. அந்த மேற்பரப்பு 38 முதல் 42 பாகை வரை இருக்க வேண்டும். மறுமுனை 24 முதல் 28. இந்த ஏற்ற இறக்கம் ஆடம்பரம் அல்ல. தாடி ஓணான் தன் உடம்பை 35 பாகையை ஒட்டி வைத்துக்கொள்ளப் பார்க்கும். அதற்கு அதனிடம் உள்ள முக்கியக் கருவி இடம் மாறுவதுதான். காலையில் முதுகைக் கறுப்பாக்கி, உடம்பைத் தட்டையாகப் பரப்பி விளக்கின் பக்கம் சாய்த்துக்கொள்ளும். சூடு ஏறியதும் நிறம் வெளிறும், வாயைத் திறந்து வைக்கும், பிறகு எழுந்து நிழலுக்குப் போகும். போக நிழல் இல்லாத பெட்டி அதற்கு அடுப்பு. விளக்கைத் தெர்மோஸ்டாட்டோடு இணைக்க வேண்டும். பிராணி தொட முடியாதபடி கம்பிக்கூட்டுக்குள் வைக்க வேண்டும்.

யூவிபிக்கு நீளமான டியூப் வேண்டும், பெட்டியின் பாதி நீளத்துக்காவது, சூட்டு விளக்கு இருக்கும் அதே பக்கத்தில். கிரைண்டரும் அடுப்போரமும் ஒரே இடத்தில் இருக்க வேண்டுமல்லவா? டியூபுக்கும் பிராணிக்கும் நடுவில் கண்ணாடி வரக்கூடாது. யன்னல் கண்ணாடி யூவிபியைக் கிட்டத்தட்ட முழுதாக மறித்துவிடும். கம்பிவலையும் கணிசமாகக் குறைக்கும். இன்னொரு சூது: டியூப் பழசானால் வெளிச்சம் அப்படியே இருக்கும், யூவிபி மட்டும் போய்விடும். நம் கண்ணுக்கு அது தெரியாது. தயாரிப்பாளர் சொல்லும் கெடுவில், பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்துக்குள், மாற்றிவிட வேண்டும். ‘முழு நிறமாலை’ என்று அட்டையில் போட்ட பல்ப் பலவற்றில் யூவிபி அறவே இல்லை. அட்டையில் யூவிபி என்ற எழுத்தைத் தேடுங்கள்.

எல்கடுவயில் இதைவிடத் தலைவலி ஈரம். பாலைப் பிராணிக்கு 30 முதல் 40 சதவீத ஈரப்பதம் போதும். அதற்கு மேல் நாள்கணக்கில் இருந்தால் நுரையீரல் தொற்று வரலாம். இதில் பௌதிகம் நமக்குக் கொஞ்சம் உதவுகிறது. 22 பாகையில் 90 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 38 பாகைக்குச் சூடாக்கினால், நீராவி இம்மியும் குறையாமலே ஈரப்பதம் ஏறத்தாழ 36 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஆனால் இரவில் விளக்கு அணைந்ததும் பழைய குருடி கதவைத் திறப்பாள். ஆகவே கண்ணாடித் தொட்டியை விட, முன்பக்கம் மட்டும் கண்ணாடியும் கீழும் மேலும் காற்றுத் துளைகளும் கொண்ட பலகைப் பெட்டி நல்லது. கதவும் முன்பக்கமே இருக்கட்டும். ஓணானின் உச்சந்தலையில் ஒளியை உணரும் மூன்றாவது கண் ஒன்று இருக்கிறது. மேலிருந்து நிழல் விழுந்தால் அதற்குப் பருந்துதான் நினைவுக்கு வரும்.

செட்டிலுள்ள மற்றவற்றை வெளியே எடுத்துவிடலாம். சூடேறும் கல் வேண்டாம். சூடு மேலிருந்து வருவதுதான் இதற்குப் பழக்கம், வயிறு வேகும் வரை அதே கல்லில் படுத்திருக்கும். மணல் வேண்டாம், குஞ்சுகள் இரையோடு விழுங்கிக் குடல் அடைபடலாம். சிவப்பு பல்ப் வேண்டாம், இரவென்றால் இருட்டுதான். மணலுக்குப் பதில் சொரசொரப்பான தரை ஓடு அல்லது பத்திரிகைத் தாள் போதும். ஒரு பெட்டியில் ஒன்றே இருக்கட்டும். பையன் ஆசையாகப் பிடித்து இரையாகப் போடக்கூடிய மின்மினிப் பூச்சிகள் மட்டும் கூடவே கூடாது. வட அமெரிக்க மின்மினிகளைத் தின்ற தாடி ஓணான்கள் இறந்தது பதிவாகியிருக்கிறது. தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். 2012 முதல் 2014 வரை அமெரிக்காவில் தாடி ஓணான்களிலிருந்து பரவிய சல்மொனெல்லா தொற்றில் பாதிக்கும் மேற்பட்டோர் 5 வயதுக்கு மேற்படாத பிள்ளைகள்.

வாடகையையும் கணக்குப் பார்ப்போம். 100 வாட் விளக்கு, 39 வாட் டியூப், நாளுக்கு 12 மணி நேரம் என்றால் மாதம் சுமார் 50 யூனிட். தெர்மோஸ்டாட் கொஞ்சம் மிச்சப்படுத்தும். இருந்தாலும் சிறிய வீட்டின் லைட் பில் ஒரு படி ஏறிவிடும். வானம் வெளுத்த நாளில் இலங்கையின் மதிய வெயிலில் எந்த டியூபும் தராத யூவிபி இருக்கிறது. நிழல் மூலையோடு கம்பிவலைக் கூட்டில் கொஞ்ச நேரம் வெளியே விடலாம். காகமும் பூனையும் வரும், பக்கத்திலேயே உட்கார வேண்டும். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் சில நிமிடத்தில் வெந்துவிடும்.

இந்தக் கதைக்கு எல்கடுவயில் மட்டும் தெரியும் இன்னொரு பக்கம் உண்டு. அந்த ஊருக்குப் பின்னால் ஏறிப்போகும் நக்கிள்ஸ் மலைத்தொடரில், உலகில் வேறெங்கும் இல்லாத ஓணான்கள் வாழ்கின்றன. மூக்கில் இலை முளைத்தாற்போன்ற ஒன்று 1861இல் பெயரிடப்பட்டது. வாலால் கிளையைப் பற்றிக்கொண்டு நகரும், முட்டையிடாமல் குட்டி போடும் குள்ள ஓணான் 2006இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது. இவற்றுக்கு வேண்டியது பனியும் குளிரும். கடத்தப்பட்டு ஐரோப்பியக் கூண்டுகளில் விற்பனைக்கு வந்தபோது, அங்குள்ளவர்கள் குளிரை வாடகைக்கு எடுக்க வேண்டியிருந்தது. ஈஸ்டர் தாக்குதலால் கொழும்பில் நடக்க முடியாமல் 2019 ஆகஸ்டில் ஜெனீவாவுக்கு மாறிய, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாட்டில், இலங்கையின் முன்மொழிவை ஏற்று இவ்விரண்டையும் வியாபாரத்துக்கே இடமில்லாத முதலாம் பட்டியலில் சேர்த்தார்கள். காட்டிலிருந்து ஒன்றைப் பிடித்துப் பெட்டியில் போட்டுப் பழகலாம் என்று பையன் நினைத்தால், அது குற்றம். வெளிநாட்டு ஊர்வன இறக்குமதிக்கும் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அந்தக் கடதாசியைக் காட்டாத விற்பனையாளரிடம் பேச்சை வளர்க்காதீர்கள்.

அனுமதி, பணம், ஆசை மூன்றும் இருந்தால் ஒரு யோசனை. பிராணியை வாங்குமுன் பெட்டியைச் செய்து, ஒரு மாதம் வெறுமனே ஓட்டுங்கள். மழை பிடிக்கும் ஒக்டோபரோ டிசம்பரோ என்றால் இன்னும் நல்லது. இரு முனையிலும் டிஜிட்டல் வெப்பமானி, நடுவில் ஈரப்பதமானி. பையன் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் கொப்பியில் குறிக்கட்டும். கரண்ட் கட்டான நாளையும், வெப்பம் எவ்வளவு இறங்கியது என்பதையும் எழுதட்டும். எண்கள் நிலைத்து நின்றால் மேற்கொண்டு யோசிக்கலாம். கொப்பி நடுவழியில் சலித்துவிட்டாலும் நட்டமில்லை. பத்து வருடம் வாழக்கூடிய ஒரு பிராணி மீது வரவேண்டிய சலிப்பு வெறும் பெட்டி மீது வந்து போனதே லாபம்.