பன்னாட்டு உறவியல்: எந்தப் பிரிவைத் தேர்வது?

என் தம்பி மகள் பன்னாட்டு உறவியலில் முதுகலை சேர இருக்கிறாள். விண்ணப்பத்தில் சிறப்புப் பிரிவு எதுவென்று ஒரு கேள்வி. பாதுகாப்பு, வட்டார ஆய்வு, உலகப் பொருளாதாரம், பன்னாட்டுச் சட்டம் என நான்கு. சிவாஜிநகரில் துணி வியாபாரம் செய்யும் என்னிடம் வந்து, "பெரியப்பா, நீங்கதான் நெறயப் படிக்கிறீங்களே, எதப் போடட்டும்?" என்றாள். நான் கல்லூரி வாசலை மிதிக்காதவன். ஆயினும் தேடிப் படித்தவற்றை, பிள்ளைகளைப் படிக்கவைக்கும் நம் குடும்பத்தாருக்குப் பயன்படலாமென்று எழுதுகிறேன்.

இதைப் படித்தால்தான் ஐ.எஃப்.எஸ். ஆகலாம் என்று பல வீடுகளில் எண்ணுகிறார்கள். அப்படியில்லை, அத்தேர்வு எழுத ஏதேனும் ஓர் இளநிலைப் பட்டம் போதும். 1977இல் அப்பணியில் சேர்ந்த எஸ். ஜெய்சங்கர் இளநிலையில் படித்தது வேதியியல். அணு ராஜதந்திரம் பற்றிய ஆய்வெல்லாம் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பின்னர் செய்தது.

அப்பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு ஆய்வுப் பள்ளிக்கு மூலம் 1955இல் தில்லியில் தொடங்கிய இந்தியப் பன்னாட்டு ஆய்வுப் பள்ளி. 1970இல் இதனோடு இணைந்தது. அதன் முதல் இயக்குநர் அ. அப்பாதுரை. அவர் முன்னர் எழுதிய பெருநூல் எதைப் பற்றித் தெரியுமா? கி.பி. 1000 முதல் 1500 வரை தென்னிந்தியப் பொருளாதார நிலை! சென்னைப் பல்கலைக்கழகம் 1936இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. நம் வணிகக் குழுக்களை ஆராய்ந்தவர் கையில்தான் இந்தக் கல்வி இங்கே வேரூன்றியது என்பது வியாபாரியான எனக்குத் தனி மகிழ்ச்சி.

என் மனம் வாணிபச் சட்டத்தின் பக்கம் சாய்வதற்குச் சொந்தக் காரணமுண்டு. 1974 முதல் 2004 இறுதி வரை ஜவுளி ஏற்றுமதிக்கு நாடுவாரியாகக் கோட்டா இருந்தது. தொண்ணூறுகளில் நானும் ஒரு கூட்டாளியும் தைத்த சட்டைகளுக்கு வகை எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டோம். சரக்கு கிடங்கிலேயே தங்கிற்று. கடைசியில் கமர்ஷியல் தெரு நடைபாதையில் பாதி விலைக்குப் போயிற்று. அந்த விதியைப் படித்துச் சொல்ல எங்களுக்கு ஆளில்லை.

ஆள் இருந்தால் என்ன நடக்கும்? இந்தியப் பருத்திப் படுக்கைவிரிப்புகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் பொருள்குவிப்புத் தடுப்புவரி போட்டது. உள்நாட்டு விலையைவிட மலிவாக அங்கே விற்ற ரகங்களைக் கணக்கில் சேர்த்தார்கள். அதிக விலைக்கு விற்றவற்றைப் பூஜ்யம் என்று வைத்தார்கள். கூட்டிப் பார்த்தால் நாம் எப்போதும் குற்றவாளி! இந்தியா உலக வர்த்தக அமைப்பில் வழக்காடியது. 2001இல் மேல்முறையீட்டு அமைப்பு, இந்தப் பூஜ்யக் கணக்கு செல்லாதென்றது. கரூர் போன்ற ஊர்களில் விரிப்பு நெய்வோருக்காக ஜெனீவாவில் வாதாடப்பட்ட வழக்கு அது.

"அந்தக் கோர்ட்டே இப்ப நடக்கலயே பெரியப்பா" என்றாள் பெண். உண்மைதான். உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தடுத்ததால் 2019 டிசம்பரிலேயே அது முடங்கிவிட்டது. ஆனால் வேலை குறையவில்லை, இடம்தான் மாறியது. ஐக்கிய அரபு அமீரகத்தோடும் ஆஸ்திரேலியாவோடும் 2022இல் ஒப்பந்தங்கள் நடைமுறைக்கு வந்தன. நூல் எங்கே, நெசவு எங்கே, தையல் எங்கே என்று பார்த்துத்தான் வரிச்சலுகை. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் திருப்பூருக்கும் வேண்டும், தில்லிக்கும் வேண்டும்.

பாதுகாப்புப் பிரிவு பெயரளவில் கவர்ச்சியானது; வேலையிடங்கள் சில. இங்கே இந்திய அறிவியல் கழக வளாகத்திலுள்ள தேசிய உயராய்வு நிறுவனத்தில் அத்துறை உண்டு. வட்டார ஆய்வென்றால் அந்நாட்டு மொழி கற்றே ஆகவேண்டும், இல்லையேல் அந்தப் பட்டம் கனமில்லாதது. உலகப் பொருளாதாரத்துக்குக் கணக்கும் புள்ளியியலும் வரவேண்டும். வராத பிள்ளையை அதில் தள்ளாதீர்கள்.

எங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கணக்கு வரும். உலகப் பொருளாதாரத்தை எழுதிவிட்டு, வசந்தநகர் அலையன்ஸ் பிரான்சேயில் பிரெஞ்சு வகுப்பிலும் சேர்ந்திருக்கிறாள். தம்பிக்கு இன்னும் எம்.பி.ஏ. ஆசை விடவில்லை. ஞாயிறன்று மறுபடி பேசவேண்டும்.