துணி இறக்குமதியும் நெசவுத் தொழில் வேலைவாய்ப்பும்

பிற நாடுகளிலிருந்து வரும் பருத்தி, நூல், துணி, ஆயத்த ஆடை ஆகியவை உள்நாட்டு வேலைவாய்ப்பில் ஏற்படுத்தும் மாற்றங்களை இக்கட்டுரை விளக்குகிறது. விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. இது மழையை நம்பிய கரிசல் நிலமாகும். அருப்புக்கோட்டை நெசவுக்கும் நூற்பாலைகளுக்கும் பெயர் பெற்றது.

வரலாறு

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆலை நூலும் துணியும் இந்தியச் சந்தையை நிறைத்தன. கையால் நூல் நூற்ற பெண்களே முதலில் வருவாயை இழந்தனர். நெசவாளர் பலர் இறக்குமதி நூலைக் கொண்டே தொடர்ந்து நெய்தனர். 1896இல் இறக்குமதித் துணிக்கு 3.5 விழுக்காடு வரி இருந்தது. இந்திய ஆலைத் துணிக்கும் அதே அளவு உற்பத்தி வரி விதிக்கப்பட்டதால், உள்நாட்டு ஆலைகளுக்கு அவ்வரி பாதுகாப்பாக அமையவில்லை. இவ்வுற்பத்தி வரி 1925இல் நிறுத்தப்பட்டது.

தாக்கம் ஏற்படும் விதம்

இறக்குமதியாகும் பொருளைப் பொறுத்துப் பாதிக்கப்படுவோர் வேறுபடுவர்.

பருத்தி: விலை குறைந்தால் நூற்பாலைகளுக்கு நன்மை; கரிசல் உழவருக்கு இழப்பு. 2021இல் விதிக்கப்பட்ட ஏறத்தாழ 11 விழுக்காடு வரி, 2025 ஆகத்து 19 முதல் திசம்பர் 31 வரை விலக்கப்பட்டது.

நூல்: நெசவாளருக்கு மூலப்பொருள் மலிவாகும், நூற்பாலைத் தொழிலாளருக்குப் போட்டி கூடும்.

துணி: தைப்பவருக்கு நன்மை, நெசவாளருக்கு இழப்பு.

ஆயத்த ஆடை: வாங்குவோருக்கு விலை குறையும், நூற்பு, நெசவு, தையல் என அனைத்து நிலைகளிலும் வேலை குறையக்கூடும்.

ஒரு தறி நின்றால் நெய்பவர் மட்டுமன்றி, நூல் சுற்றுபவர், பாவு ஓட்டுபவர், சாயமிடுபவர் ஆகியோரும் வேலை இழப்பர். நீர்ப்பாசனம் குறைந்த வட்டாரத்தில் அவர்களை ஏற்கும் அளவுக்கு வேளாண்மையில் வேலை இருப்பதில்லை. எனவே இடம்பெயர்வு மிகுகிறது. மலிவு விலையின் பயன் நாடெங்கும் பரவ, இழப்பு ஒரு சில ஊர்களிலேயே குவிகிறது.

வணிகக் கொள்கை

இந்தியா தன் எஞ்சிய இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவற்றை 2001 ஏப்ரல் 1 அன்று நீக்கியது. உலகத் துணி வணிகத்தின் ஒதுக்கீட்டு முறை 2004 இறுதியில் முடிவுற்றது. இதனால் இந்திய ஏற்றுமதிக்கு வாய்ப்பும், சீனா, வங்காளதேசம் ஆகியவற்றின் போட்டியும் ஒருசேர வளர்ந்தன. 2011இல் வங்காளதேச ஆடைகளுக்கு இந்தியா சுங்கவரி விலக்கு அளித்தது. 2024இல் சில செயற்கையிழைப் பின்னலாடைத் துணிகளுக்குக் குறைந்தபட்ச இறக்குமதி விலை நிர்ணயிக்கப்பட்டது.

பிற காரணங்கள்

வேலை இழப்பு முழுவதற்கும் இறக்குமதியே காரணமன்று. கைத்தறிக்கு நெடுங்காலப் போட்டி உள்நாட்டு விசைத்தறியாகும். 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் தொடக்கத்தில் 22 வகைத் துணிகள் இடம்பெற்றன. பின்னர் அவை 11 ஆகக் குறைக்கப்பட்டன. இச்சட்டம் உள்நாட்டு விசைத்தறி உற்பத்தியைக் கட்டுப்படுத்துவதேயன்றி, இறக்குமதியைத் தடுப்பதன்று. ஆகவே ஒரே நெசவாளர் இரு முனைப் போட்டியை எதிர்கொள்கிறார்.