கடிதம் குறைகிறது, சுற்று குறையவில்லை: போஸ் மலேசியாவின் நட்டக் கணக்கு

பிரிக்பீல்ட்ஸின் முதன்மைச் சாலை ஜாலான் துன் சம்பந்தன். அந்தத் துன் வீ.தி. சம்பந்தன், அறுபதுகளில் நம் நாட்டின் பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தவர். அச்சாலை வழியாக டியூஷனுக்குப் போய்வரும் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ! அவர் காலத்தில் தபால் என்பது ஓர் அரசாங்க இலாகா. அதன் வரவு செலவு அரசாங்கக் கணக்கோடு கலந்துவிடும்.

1992இல் அந்த இலாகா நிறுவனமாக மாறியது. பிறகு பங்குச் சந்தைக்கும் வந்தது. 2011இல் கஸானா நேஷனல் தன்னிடமிருந்த 32.21 விழுக்காட்டுப் பங்குகளை டிஆர்பி-ஹைகோம் குழுமத்திற்கு விற்றது. இன்று போஸ் மலேசியா பங்குதாரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிறுவனம். அதே வேளையில், நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் கொண்டு சேர்க்கும் பொறுப்பும் அதன் தலையில்தான் இருக்கிறது. 2021இல் மட்டும் அதன் நட்டம் 30 கோடி ரிங்கிட்டைத் தாண்டியது. அடுத்து வந்த ஆண்டுகளிலும் நட்டம் நிற்கவில்லை.

ஊழியர்கள் சோம்பேறிகள், நிர்வாகம் சரியில்லை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால், எஸ்.பி.எம். பொருளாதாரப் பாடத்தில் வரும் நிலைச் செலவை இங்கே பொருத்திப் பாருங்கள். கிள்ளானில் ஒரு தாமானைச் சுற்றிவர ஒரு நாளைக்கு 200 ரிங்கிட் செலவாகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். தபால்காரரின் பையில் 1,000 கடிதங்கள் இருந்தால் ஒன்றுக்கு 20 சென். கடிதங்கள் 250 ஆகக் குறைந்தால் ஒன்றுக்கு 80 சென். மோட்டார் சைக்கிள் அதேதான், சம்பளம் அதேதான், ஓடும் தூரமும் அதேதான். போதாக்குறைக்கு, ஆண்டுதோறும் புதிய அடுக்குமாடிகள் எழும்புவதால் முகவரிகள் கூடிக்கொண்டே போகின்றன.

விலையை ஏற்றினால் சரியாகிவிடாதா? சாதாரணக் கடிதத்தின் தபால்தலை 18 ஆண்டுகள் 30 சென்னாகவே இருந்து, 2010 ஜூலை 1 முதல் 60 சென் ஆனது. 2020 பிப்ரவரியில் நிறுவனங்கள் அனுப்பும் கடிதங்களுக்கான கட்டணமும் உயர்ந்தது. ஆனால், கட்டணம் ஏற ஏற வங்கிகளும் மின்கட்டண பில் அனுப்புவோரும் கைத்தொலைபேசிக்கு மாறிவிடுகிறார்கள். முகப்புச் சேவைக்கும் இதே கதிதான். சாலை வரி புதுப்பிக்கத் தபால் நிலையத்தில் வரிசை பிடித்து நின்ற காலம் உண்டு. 2023இல் மைஜேபிஜே செயலியில் மின்னியல் சாலை வரி வந்துவிட்டது.

மீதி இருப்பது பார்சல். இணையத்தில் நாம் வாங்கிக் குவிக்கும் பொருள்களெல்லாம் போஸ் மலேசியாவுக்கே போகின்றனவா என்றால், இல்லை. ஷோப்பியும் லஸாடாவும் சொந்தமாகவே பட்டுவாடா செய்கின்றன. ஜே அண்ட் டி, நிஞ்ஜா வேன் போன்றவை வேறு போட்டிக்கு நிற்கின்றன. கூட்டம் அளவு மீறியதால் 2020இல் புதிய கூரியர் உரிமம் கொடுப்பதையே அரசு தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. கடிதத்திற்கு இடத்தைப் பார்த்து விலை வைக்க முடியாது. போர்ட் கிள்ளானிலிருந்து படகேறிப் போக வேண்டிய பூலாவ் கெத்தாமுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் ஒரே தபால்தலைதான்.

டென்மார்க் இந்தப் போராட்டத்தையே கைவிட்டுவிட்டது. அங்கே 2000க்குப் பிறகு கடிதங்கள் 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தன. 1624இல் தொடங்கிய கடிதச் சேவையைப் போஸ்ட்நோர்டு நிறுவனம் 2025 டிசம்பரோடு நிறுத்திக்கொண்டது. இந்திய அஞ்சல் துறை 2025இல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு இணைத்தது. பிரான்ஸில் 2021 முதல், எல்லாருக்கும் கடிதம் சேர்க்கும் செலவில் ஒரு பங்கை அரசாங்கம் நேரடியாகவே கொடுக்கிறது.

நமக்கு டென்மார்க் வழி ஒத்துவராது என்றே தோன்றுகிறது. செயலி பழகாத தாத்தா பாட்டிகளும், இணைய இணைப்பு சரியாக எட்டாத ஊர்களும் இங்கே இன்னும் நிறைய. பிரான்ஸ் வழியிலும் ஒரு சிக்கல் உண்டு. இங்கே அந்தப் பொதுப் பணம் ஒரு தனியார் குழுமத்தின் கையில் உள்ள நிறுவனத்துக்குப் போகும். அப்படிக் கொடுப்பதென்றால், கடிதத்தில் எவ்வளவு நட்டம், பார்சலில் எவ்வளவு நட்டம் என்று தனித்தனியாகக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.